கூப்பிட ஆளில்லாத பந்தி

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றும் எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தேன். முகூர்த்த நாளென்றால் பாளையங்கோட்டையில் மண்டபத்துக்கா பஞ்சம்? வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நுழைந்தால் பெண்வீட்டார் என்னை மாப்பிள்ளை வீடென்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண்வீடென்று நினைப்பார்கள். ஆவுடை அக்காவுக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வாள். நான் போவது சாப்பிடுவதற்கு அல்ல, பந்தியைப் பார்ப்பதற்கு.

அடுத்த விளையாட்டு பந்தியைப் பற்றித்தான் என்று முடிவாகிவிட்டது. கம்ப்யூட்டரில் ஆடுவது. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தை ஆடுகிறவர் நடத்த வேண்டும். எத்தனை மேஜை, பரிமாற எத்தனை பேர், எந்தப் பண்டம் எப்போது என்று அவர் தீர்மானிப்பார். அதற்குப் பிறகு கூட்டம் தன் போக்கில் நடந்துகொள்ளும்.

கதையை எழுதி, ஆடுகிறவனை அதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் விளையாட்டுகள் எனக்கு ஆகாது. நான் விதிகளை மட்டும் எழுதுவேன். விதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது கதை தானாகப் பிறக்கும். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டு மாடியில் வந்து உட்கார்ந்ததிலிருந்து கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குளத்து மடைகளை வைத்துச் செய்த போன விளையாட்டில் ஒரு வசனம்கூடக் கிடையாது. மேல்மடைக்காரன் பலகையை இறக்கினால் கீழ்மடைக்காரன் வயல் காயும், அவ்வளவுதான். ஆடினவர்கள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டார்கள். அதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

இன்று பிடிபட்டது இது. சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நிற்கிறார். நின்றதும் உட்கார்ந்திருப்பவர் அவசரமாக அள்ளிப் போடுகிறார். அவர் அவசரப்பட்டால் பரிமாறுகிறவர் ரசத்தை முந்திக் கொண்டுவருகிறார். ரசம் முந்தினால் பாயசம் தயாராக இல்லை. பாயசத்துக்காக எல்லோரும் எழாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் பின்னால் இன்னும் கூட்டம். வீட்டுக்கு வந்து தாளில் அம்புக்குறி போட்டு வரைந்தேன், முழு வட்டமாக வந்தது. எழுந்து நின்று ஒரு தடவை கைதட்டினேன், தனியாகத்தான்.

ஒரே ஒரு தொந்தரவு. கதவோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது வழுக்கைத் தலையர் ஒருவர் வந்து தோளைப் பிடித்தார். “சாப்ட்டியளா? வாங்க வாங்க, எடம் இருக்கு” என்று தள்ளிக்கொண்டு போய் இலைமுன் உட்காரவைத்துவிட்டார். அவருக்கு நான் யாரென்று தெரியாது. என் எண்ணிக்கை போயிற்று. அவியல் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 23, புதன்

மத்தியானம் ஒரு விதி கைக்கு வந்துகொண்டிருந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து அக்காவின் குரல். “ஏல குத்தாலம்! சாப்பிட வால! சோறு ஆறுது!” தெருமுனை வரை கேட்கும். வந்த விதி ஓடிவிட்டது.

கீழே போய்ச் சொன்னேன். “அக்கா, கத்தாத. போன்ல ‘சாப்பாடு ரெடி’ன்னு ஒரு மெசேஜ் போடு. நானே வந்துருவேன்.”

“ஏன், என் வாய் என்ன வாடகைக்கா போயிருக்கு? சாப்பிடக் கூப்பிடுததுக்கும் போன் வேணுமாக்கும். உக்காருல, மூதி.”

அக்கா எனக்குப் பதினோரு வயது மூத்தவள். அவளிடம் வாதாடி இதுவரை யாரும் ஜெயித்ததில்லை, உலகநாதன் அத்தான் உட்பட.

ஏப்ரல் 27, ஞாயிறு

கல்யாண வேலை தொடங்கிவிட்டது. அக்காவின் ஒரே மகள் பிரகதிக்கு ஜூன் எட்டில் முகூர்த்தம். நான் தாய்மாமன். பட்டுவேட்டி எடுத்துவிட்டார்கள்.

ராத்திரி சாப்பாட்டில் அக்கா தன் ஆசையைச் சொன்னாள். நகை, மண்டபம், மேளம் எதைப் பற்றியும் அவளுக்குக் கவலை இல்லை. “பெரியண்ணன் வரணும். வந்து நம்ம பந்தியில கை நனைக்கணும். எனக்கு அது போதும்.”

அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரமநாயகம் பெரியண்ணன் எங்கள் மூவரில் மூத்தவர், கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுப் பால்காய்ப்பு அன்று, தங்கை வீடுதானே என்ற உரிமையில் யாரும் கூப்பிடும் முன்பே போய் முதல் இலையில் உட்கார்ந்துவிட்டார். அத்தானுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு கேலி பேசியாக வேண்டும். “நம்ம பெரிய மச்சானை மட்டும் யாரும் கூப்பிடவே வேண்டாம். சாம்பார் வாசனையே கூப்பிட்டுரும்!” என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அண்ணன் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். எழுந்தவர் அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

மே 4, ஞாயிறு

பிரகதி சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். என் எல்லா விளையாட்டுகளையும் முதலில் ஆடிப் பார்ப்பவள் அவள்தான். கல்யாணப் பெண் புடவை எடுக்கப் போகாமல் மாடியில் உட்கார்ந்து கல்யாணப் பந்தி விளையாடிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து அக்கா ஏசுவது எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான்.

விளையாட்டில் ‘கூப்பிடுகிறவர்’ என்று ஒருவரை வைத்திருந்தேன். ஏப்ரலில் என் தோளைப் பிடித்த வழுக்கைத் தலையரேதான். தோளில் துண்டோடு மண்டபத்தைச் சுற்றிவந்து ஒவ்வொருவரையும் சாப்பிடக் கூப்பிடுவார். அவரை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் பந்தி இன்னும் சீராக ஓடுகிறது. அவர் ஒரே நேரத்தில் நிறைய பேரைக் கூப்பிட்டுவிடுவதால்தான் கதவில் நெரிசல். டோக்கன் கொடுத்து, நிறத்தைச் சொல்லி அறிவித்தால் அந்தந்த நேரத்துக்கு அந்தந்த ஆள் வருகிறார். ஒன்றைத் தூக்கினால் மற்றது மேம்படுகிறதென்றால் அந்த ஒன்று அங்கே இருந்திருக்கவே கூடாது. தூக்கிவிட்டேன்.

“மாமா, அந்தத் துண்டு மாமா எங்க?” என்றாள் பிரகதி.

“வேலை இல்ல. அனுப்பிட்டேன்.”

“பாவம். எனக்குப் பிடிச்ச ஆளே அவருதான்.”

“பிடிக்கிறது வேற, தேவைப்படறது வேற.” இதைச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மே 11, ஞாயிறு

பெரியண்ணனுக்குப் பத்திரிகை வைக்க நாங்கள் மூன்று பேரும் கல்லிடைக்குறிச்சி போனோம். காரில் அத்தான் வாயே திறக்கவில்லை. கேலி பேசாத அத்தானைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெயிலோ மழையோ, அவர் கையில் குடை உண்டு. உட்கார்ந்தால் அதை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நட்டு, பிடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொள்வார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். முடி முழுக்க நரைத்துவிட்டது.

அக்கா வெற்றிலைத் தட்டை நீட்டினாள். அத்தான் ஒரு கையைத் தட்டில் வைத்துக்கொண்டு, “மச்சான், நீங்க வந்துதான் நடத்திக் குடுக்கணும்” என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

அண்ணன் வாங்கிக்கொண்டார். “வீடு தேடி வந்து கூப்பிட்டுட்டிய. வருவேன்” என்றார். மதினி எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். அக்கா அதைக் குடிப்பதற்குள் மூன்று தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அக்கா அத்தானிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “அன்னைக்கு நீங்கதான் போயி, அண்ணன் கையைப் பிடிச்சு, எல்லார் முன்னாலயும் சாப்பிடக் கூட்டிட்டுப் போணும். கேட்டேளா?”

“போறேன்ட்டி. எட்டு வருஷமா அதத்தானே நெனச்சிட்டு இருக்கேன்” என்றார் அத்தான்.

அம்பை ரோட்டில் நின்று கரும்புச்சாறு குடித்தோம்.

மே 18, ஞாயிறு

பிரகதி கல்யாணத்திலேயே டோக்கன் முறையை நடத்திப் பார்த்தால் என்ன? இரண்டு நாளாக இதுதான் மனதில். பிறத்தியார் கல்யாணங்களில் நான் பார்த்ததெல்லாம் நெரிசலான பந்தி. என் விதிகளின்படி ஓடும் பந்தியை எந்த மண்டபத்தில் பார்க்க முடியும்? இப்படி ஒரு வாய்ப்பு இனிமேல் கிடைக்காது.

சமையலுக்குப் பேசியிருக்கும் தவசுப்பிள்ளை துள்ளிக் குதிக்காத குறை. “தம்பி, இத மட்டும் செஞ்சுட்டேள்னா ஒங்களுக்குக் கோயில் கட்டுவேன். ஒரே நேரத்துல வந்து விழுந்தா எவன் பரிமாறுவான்?” என்றார். அத்தானும் சரி என்றார். வரவேற்பில் சந்தனம், கற்கண்டோடு டோக்கனும் கொடுப்பது. சிவப்பு முதல் பந்தி, மாப்பிள்ளை வீட்டாருக்கு. மஞ்சள் இரண்டாவது. பிறகு பச்சை, நீலம். மைக்கில் அறிவிப்பு.

அக்காவுக்கு மட்டும் திருப்தியில்லை. “ரேஷன் கடையால நடத்துதோம்? மைக்ல கலரச் சொன்னா மனுசன் எந்திரிச்சு வருவானா?”

“வருவாங்க அக்கா. பசிக்கும்லா?”

“பெரியண்ணனுக்கு?”

“மஞ்சள். ரெண்டாம் பந்தி.”

“அப்ப நான் ரெண்டாம் பந்திக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றார் அத்தான்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழுவார்கள். தாம்பூலம் கொடுத்து உபசரிக்க அத்தான் அங்கே நிற்க வேண்டும். அவர் பாதியில் விட்டு வந்தால் எல்லாம் பத்து நிமிடம் பிசகும். “நீங்க சம்பந்தக்காரங்களோட இருங்க அத்தான். பெரியண்ணனை நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

ஜூன் 7, சனி

மண்டபத்தின் மாடியில், கீழே முழுவதும் தெரிகிற கண்ணாடி அறை கிடைத்துவிட்டது. காமிரா மாட்டியாயிற்று. பட்டுவேட்டியை இஸ்திரிக்குக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

நடந்துவிட்டது. இவ்வளவு அழகாக நடக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் தாய்மாமன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மாடிக்கு ஓடினேன். காமிரா பார்ப்பதை, திரையில் தலை ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத் தெரியும்படி ப்ரோகிராம் எழுதிவைத்திருந்தேன். சிவப்பு என்று மைக்கில் சொன்னதும் ஒரு கூட்டம் புள்ளிகள் எழுந்து, வாசல் வழியாகச் சிந்தாமல் சிதறாமல் கூடத்துக்குள் போயின. நாற்காலிக்குப் பின்னால் ஒருவர்கூட நிற்கவில்லை. ரசம் முந்தவில்லை. பாயசம் எல்லா இலைக்கும் போனது. மஞ்சள், அதே மாதிரி. பச்சை, அதே மாதிரி. என் விதிகள் மனிதர்களாக நடப்பதை நின்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

ஆராய்ச்சியில் எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பார்க்கும்போது கை வைக்கக் கூடாது. குளத்தைக் கலக்கிவிட்டு மீனை எண்ண முடியாது. அதனால் பந்தி முடியும் வரை நான் கீழே இறங்கவில்லை.

மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் நகரவில்லை. மஞ்சளுக்கும் எழவில்லை, பச்சைக்கும் எழவில்லை. குடையை நட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. எந்த ஏற்பாட்டிலும் இப்படி ஒன்றிரண்டு விலகி நிற்கும். நீலத்தின்போது பார்த்தேன், அங்கே இல்லை. சாப்பிடப் போயிருக்க வேண்டும்.

நடுவில் அத்தான் ஒரு தடவை கீழேயிருந்து போன் செய்தார். பதில் சொன்னேன்.

தவசுப்பிள்ளை கையைப் பிடித்துக் குலுக்கினார். பிரகதி, “மாமா, விளையாட்டு ஜெயிச்சிருச்சு!” என்றாள், மாலையும் கழுத்துமாக.

ஜூன் 9, திங்கள்

இன்று மறுவீடு. நம்ம பக்கம் மறுவீட்டுக்குச் சொதிச் சாப்பாடுதான். தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு. அக்கா விடியும்போதே எழுந்து தேங்காய் திருகத் தொடங்கிவிட்டாள். “அண்ணனுக்குச் சொதின்னா உசிரு” என்று சொல்லிக்கொண்டே திருகினாள்.

ஒன்பது மணிபோல மதினிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள், கை முழுக்கத் தேங்காய்.

“மதினி, அண்ணனும் நீங்களும் கெளம்பிட்டியளா? நேத்து சாப்பாடு எப்படி இருந்துச்சாம்?”

முழங்கால் வலியால் மதினி நேற்று வரவில்லை, அண்ணன் மட்டும்தான் வந்திருந்தார்.

“ஆவுடை, அவுக சாப்பிடாமத்தான் வந்தாவ. நான் ராத்திரி ரசம் வச்சுக் குடுத்தேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத. அவுக எதுவும் சொல்லல.”

அக்கா திருகுபலகையிலிருந்து எழவில்லை. கையைத் துடைத்து போனை அணைத்தாள். அத்தானைப் பார்த்தாள். அத்தான் என்னைப் பார்த்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எல்லோரையும் அக்காவே ஒவ்வொருவராகப் போய்க் கூப்பிட்டு உட்காரவைத்தாள். சொதி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். விதிகளில் ஒரு பிழையும் இல்லை.

மத்தியானம் கீழேயிருந்து குரல் வரவில்லை. போன் மினுங்கியது. அக்கா. ‘சாப்பாடு ரெடி.’

நான் கேட்டது இதைத்தான்.

ஜூன் 12, வியாழன்

இரண்டு நாளாக வேலை ஓடவில்லை. எழுதிவிடுகிறேன்.

அன்று அத்தான் போனில் கேட்டது, “மாப்ள, பெரிய மச்சான் சாப்ட்டாவளா? நான் வரட்டா?” என்பது. மஞ்சள் பந்தி முடிந்து பச்சை உட்கார்ந்திருந்த நேரம். மஞ்சள் டோக்கன் எல்லாம் முடிந்துவிட்டது என்று என் கணக்கு சொன்னது. “சாப்ட்டிருப்பாவ அத்தான். நீங்க அங்கேயே இருங்க” என்றேன்.

பேசிக்கொண்டே கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் குடையோடு உட்கார்ந்திருந்தது யாரென்று எனக்குத் தெரியும். அந்த உட்காரலை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். திரையில் அது புள்ளி. கண்ணாடியில் அது பெரியண்ணன். நான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

மறந்துவிட்டேன் என்றுதான் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. இறங்கிப் போய் ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனால், முழுக்கத் தானாக ஓடியது என்று பிறகு சொல்ல முடியாதே என்று நினைத்தேன். நீலத்துக்காவது தானாக எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்தார். வாசல் பக்கம் போனார்.

அத்தான் அன்றைக்கு நான் சொன்ன பதிலை அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை. வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். இதை மட்டும் எனக்காக அடக்கிவைத்திருக்கிறார். அது வேறு உறுத்துகிறது.

ஜூன் 15, ஞாயிறு

பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சி போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துவைத்ததில் ஒன்றும் பேசவில்லை. தெருவில் என் தலை தெரிந்ததும் அண்ணன் எழுந்து வாசலுக்கு வந்தார். “ஏல, குத்தாலமா? வா வா. சாப்ட்டியா?” சாப்பிட்டேன் என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே திரும்பி, “ஏளா, தம்பி வந்திருக்கான். எலை போடு” என்றார். என் மணிக்கட்டைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மதினி கத்தரிக்காய்க் கூட்டு வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. “நல்லாச் சாப்பிடு” என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு முடிக்கும் வரை வேறு எதையும் பேச விடவில்லை.

கை கழுவிவிட்டு வந்து சொன்னேன். “அண்ணே, அன்னைக்கு நீங்க உக்காந்திருந்தத நான் பாத்தேன்.”

“தெரியும்ல.”

எனக்குப் புரியவில்லை.

“மேல கண்ணாடி ரூம்ல நின்னியே. எனக்குத்தான் தூரத்துப் பார்வை நல்லாருக்கே. தம்பி நம்மளப் பாத்துட்டான், இப்ப எறங்கி வருவான்னு உக்காந்திருந்தேன். நீ அந்தப் பக்கம் திரும்பிட்ட. பிள்ளைக்கு என்னமோ வேலை போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

மதினி இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“மஞ்ச டோக்கன் மைக்ல கூப்பிட்டாங்கள்லா அண்ணே?”

கேட்டிருக்கக் கூடாது. அந்த நேரத்திலும் என் வாயில் அதுதான் வந்தது.

“மஞ்ச மஞ்சன்னு சொல்லிச்சு. அது எனக்குன்னு தோணல. ஒரு தடவை கூப்பிடாம உக்காந்து பட்டுட்டேன்ல. திரும்பவும் நானா எந்திரிச்சு எப்படிப் போவேன்?” கோபமே இல்லாமல் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“இப்ப வாங்க அண்ணே. என்கூட வாங்க. அக்கா சொதி வைப்பா. அத்தான் வாசல்ல நிப்பாவ.”

அண்ணன் குடைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். “சோத்துக்கா வந்தேன்? ஆவுடைக்கு ஒத்தப் பொண்ணு. அவ கல்யாணப் பந்தியில நாலு பேரு பாக்க ஒக்காந்து சாப்பிட்டா பழசெல்லாம் போயிரும்னு அவளும் நெனச்சா, நானும் நெனச்சேன். அது முடிஞ்சிருச்சு. இனி அங்க எந்தப் பந்தி இருக்கு? போ, இருட்டுறதுக்குள்ள பஸ் ஏறு.”

பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். வெயில் இல்லை, ஆனாலும் என் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அத்தானுக்குச் சொன்ன பதில் உட்பட. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து உலையில் போட்டாள். “சரி” என்றாள்.

‘சாப்பாடு ரெடி.’ பன்னிரண்டே முக்காலுக்கு.

ஜூன் 22, ஞாயிறு

விளையாட்டை மாற்றினேன். துண்டு மாமாவைத் திரும்பக் கொண்டுவந்தேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் புதிதாக ஒருவரையும் வைத்தேன். அவருக்கு எழுதிய விதிகள் இரண்டே. பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தால் எழுவார். முதல் மூன்று பந்திக்குள் யாரும் வரவில்லையென்றால் போய்விடுவார். அவர் சாப்பிட்டால் ஆடுகிறவருக்குப் புள்ளியும் கிடையாது, பரிசும் கிடையாது.

பிரகதிக்கு அனுப்பினேன். மதுரையில் புது வீட்டில் இருக்கிறாள். மாலையில் போன்.

“மாமா, சூப்பர். ஆனா ஒரு பிழை இருக்கு. மூணாவது வரிசையில ஒருத்தர் உக்காந்தே இருக்காரு. பச்சை முடிஞ்சு போயிக் கூப்பிட்டேன், வாசலப் பாத்துப் போயிட்டாரு. திரும்ப முதல்ல இருந்து ஆடினேன். இந்தத் தடவை சீட்டே காலி. அவரு வரவே இல்ல.”

“பிழை இல்லம்மா. அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

“எத்தனை தடவை ஆடினாலும் வரமாட்டாரா?”

“மாட்டாரு.”

“அது அநியாயம் மாமா. விளையாட்டுன்னா திரும்ப ஆட விடணும்லா? நீங்கதானே சொல்லுவிய...” பாதியில் நிறுத்திவிட்டாள். மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது.

“கையில என்ன மாமா வச்சிருக்காரு? கம்பா?”

“குடை.”

குரலைத் தாழ்த்தி, “அம்மாட்ட இதக் காட்டிராதீங்க” என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் மினுங்கியது. ‘சாப்பாடு ரெடி.’

இன்று எழ முடியவில்லை. வீம்பு இல்லை. அக்காவிடம் எனக்கு என்ன வீம்பு? கீழே தட்டு வைக்கிற சத்தம், தாளிக்கிற வாசனை எல்லாம் வந்தது. பசியும் இருந்தது. எழுந்து பன்னிரண்டு படி இறங்கினால் சோறு. ஆனாலும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன், ஒரு குரல் வருமா என்று. வரவில்லை. எட்டு வருடம் ஒரு மனிதர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பது அரை மணி நேரத்தில் கொஞ்சம் தெரிந்தது.

பிறகு படியில் செருப்புச் சத்தம். அத்தான். அவருக்கு மூச்சு வாங்கும், மாடிக்கு அவர் ஏறுவதே இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது கேலி பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

உள்ளே வந்து என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“வாங்க, சாப்பிடலாம்” என்றார்.

என்னை அவர் ஒருநாளும் ‘வாங்க’ என்று சொன்னதில்லை. அந்த வார்த்தையையும் அந்தப் பிடியையும் எட்டு வருடமாக யாருக்காக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கையை விடாமலே முன்னால் இறங்கினார். நான் பின்னால் போனேன்.